கெடா தோட்டங்களில் நோயும் மருந்தும்: நாம் கண்டதும் செய்ததும்

பொன்விழா மலருக்காகப் பழைய ஆவணங்கள் இருந்தால் கொடுத்துதவுமாறு மூத்த உறுப்பினர்களின் குடும்பங்களைக் கேட்டுக்கொண்டோம். பெரும்பாலோர் நிழற்படங்களைக் கொண்டுவந்தார்கள். ஒரு வீட்டிலிருந்து மட்டும் பிஸ்கட் டின் நிறைய 555 நோட்டுகள் வந்தன. மளிகைக் கடை வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சின்ன நோட்டைப் பற்றி விளக்கத் தேவையில்லை. தோட்டத்து மக்கள் கடன் சொல்லி வாங்கிய சாமான் எல்லாம் அதில் ஏறும். சம்பள நாளன்று கணக்குத் தீரும், அல்லது அடுத்த நோட்டுக்குப் போகும்.

புரட்டிப் பார்த்தோம். அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய். அவற்றுக்கிடையே கோடாலித் தைலம், காய்ச்சல் மாத்திரை, மீண்டும் கோடாலித் தைலம். எல்லாப் பக்கத்திலும் சீனியும் பால் டின்னும். மாதக் கடைசியில் அரிசியின் அளவு குறைகிறது. தைலமும் மாத்திரையும் குறையவில்லை.

பள்ளிவாசல் கட்டிய வரலாறும் மதரஸாவின் வரலாறும் இம்மலரின் வேறு பக்கங்களில் இருக்கின்றன. இக்கட்டுரை அந்த நோட்டுகளிலிருந்து தொடங்குகிறது. கெடாவின் தோட்டங்களில் நோய் யாரைப் பிடித்தது, மருந்து யாருக்கு எட்டியது, பட்டணத்தில் கடை வைத்திருந்த நாம் இதில் எங்கே நின்றோம் என்பதை எழுத முயல்கிறோம். பெருமைப்பட வேண்டியதோடு பெருமைப்பட முடியாததும் இதில் உண்டு.

கடாரம் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கெடா, 1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையின்படி சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷாரின் பாதுகாப்பின்கீழ் வந்தது. 1915இல் இரயில் அலோர் ஸ்டாரை எட்டியது, 1918இல் பாடாங் பெசாரை. அந்தத் தண்டவாளத்தின் இருபுறமும் சுங்கை பட்டாணி, பீடோங், குரூண் வட்டாரங்களிலும், கிழக்கே கூலிம், பாலிங் பக்கத்திலும் காடு அழிந்து ரப்பர் எழுந்தது. ஆள் வேண்டியிருந்தது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாமில் வைத்துக் கப்பலேற்றினார்கள். பினாங்கு வந்ததும் புலாவ் ஜெராஜாக் தீவில் அம்மைக்கும் காலராவுக்கும் பயந்து தடுத்துவைத்தார்கள்.

ராமநாதபுரம் கடற்கரையிலிருந்தும் கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்தும் வந்த நம் முன்னோர்கள் பலரும் அதே கப்பலின் அதே தளத்தில்தான் வந்தார்கள். பிறையில் இரயிலேறும் வரை வேறுபாடு ஒன்றுமில்லை. அதன்பிறகு ஒருவர் லயத்துக்குப் போனார், இன்னொருவர் மாமாவின் கடை மாடிக்குப் போனார். ஒருவர் ஓடைக்கரையில் படுத்தார், மற்றவர் கடைத்தெருவில் படுத்தார். யாருக்குக் காய்ச்சல் வரும் என்பது அங்கே பாதி முடிவாகிவிட்டது.

மலேரியாவின் கணக்கு கொடியது. கெடாவுக்குத் தெற்கே கூட்டு மலாய் மாநிலங்களில் 1911ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் 143,614 பேரில் 9,040 பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கு அறுபதுக்கும் மேல். இறந்தவர்கள் கிழவர்கள் அல்லர், வேலைக்குத் தகுந்தவர்கள் என்று பார்த்துப் பொறுக்கி அழைத்துவரப்பட்டவர்கள். கிள்ளானில் பணியாற்றிய மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901 முதல் சதுப்பு நிலங்களில் காடு வெட்டி, கால்வாய் தோண்டி, காய்ச்சலைப் பெருமளவு குறைத்துக் காட்டினார். மலைப்பாங்கான தோட்டங்களில் அதே முறையைக் கையாண்டபோது காய்ச்சல் கூடியது! தாழ்நிலத்துக் கொசு நிழலை விரும்புவது, மலையோடைக் கொசு வெயிலை விரும்புவது. மரத்தை வெட்டி ஓடையைத் திறந்துவிட்டால் இரண்டாவது கொசுவுக்கு வீடு கட்டிக்கொடுத்தது போலாகிவிடும். பிறகுதான் நிலத்தடிக் குழாய் பதிப்பதும், ஓடைகளில் வாரந்தோறும் எண்ணெய் தெளிப்பதும் வந்தன.

ஜெராய் மலையடிவாரத் தோட்டங்களும் கூலிம், பாலிங் குன்றுகளும் எந்த வகை நிலம் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மருந்து இன்னதென்று தெரிந்த பிறகும் அதற்குப் பணம் செலவழிப்பது கம்பெனியின் கையில் இருந்தது. எண்ணெய் தெளித்த தோட்டத்தில் பிள்ளைகள் வளர்ந்தார்கள், தெளிக்காத தோட்டத்தில் மண்ணீரல் வீங்கி வயிறு தள்ளியிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். மக்கள் கொய்னாவைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்குப் போனார்கள். கொக்கிப்புழுவின் கதையும் இதே கதைதான். 1915 முதல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் ஆய்வுக்குழு மலாயாவில் அதை ஆராய்ந்தது. கக்கூஸ் இல்லாத லயமும் செருப்பில்லாத காலும் இருக்கும்வரை அதற்கு முடிவேது? ஆனால் அக்காலத்து அறிக்கைகள் பலவற்றில் குற்றம் “கூலிகளின் அசுத்தப் பழக்கம்” மீதே விழுந்தது. அந்தப் பேச்சு நம் கடைத்தெருவிலும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த இருட்டில் ஒரு வெளிச்சமும் இருந்தது, அது நம் சமையற்கட்டிலிருந்து வந்தது. அக்காலத்தில் மலாயாவைப் பிடித்தாட்டிய இன்னொரு நோய் பெரிபெரி. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் நின்றுபோகும். ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். தமிழர்களுக்கு மட்டும் அது அரிதாகவே வந்தது. ஏன் என்று பிராடன் என்ற மருத்துவர் யோசித்தார். சீனர்கள் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள், தமிழர்கள் புழுங்கலரிசி சாப்பிட்டார்கள். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் 1905-06இல் ஃபிளெச்சர் என்பவர் ஒரு பகுதியினருக்குப் பச்சரிசியும் மறு பகுதியினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துச் சோதித்தார். புழுங்கலரிசிக்காரர்களை நோய் தீண்டவில்லை. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் அதன் காரணத்தை மேலும் தேடிப் போனார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது இன்று பள்ளிப் பாடம். நம் பாட்டிமார்கள் நெல் அவித்தது அந்தச் சத்தை நினைத்து அல்ல, ஆனாலும் அது உயிர் காத்தது. நம் கடைகளிலும் அந்த அரிசி மூட்டை மூட்டையாக விற்றது. அந்தப் புண்ணியத்தில் ஒரு பிடி நமக்கும் உண்டு என்று வைத்துக்கொள்வோம்.

பால் டின்னில் அப்படிச் சொல்ல முடியாது. தாய் விடியுமுன் பால்மரம் வெட்டப் போய்விடுவாள், பிள்ளை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். அதற்குச் சீனி கலந்த டின் பாலைக் கரைத்துக் கொடுத்தார்கள். கெட்டுப் போகாது, இனிப்பு, கடையில் கடனுக்குக் கிடைக்கும். ஆனால் குழந்தை வளர்வதற்கு வேண்டியது அதில் இல்லை. சிங்கப்பூரில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1939இல் ரோட்டரி சங்கத்தில் பேசியபோது, இந்த டின் பாலைத் தாய்மார்களுக்கு விற்பதைக் கொலை என்றே சொன்னார். சபையில் இருந்தவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள். சில்லறைக்கு விற்றவர்கள் யார் என்பது நம் பிஸ்கட் டின்னில் இருக்கிறது. தெரியாமல் செய்தது என்பது உண்மை. தெரிந்த பிறகும் வெகுகாலம் விற்றோம் என்பதும் உண்மை.

ஜப்பான்காரன் காலத்தை நீட்டி எழுத மனம் வரவில்லை. 1942-43இல் சயாம் மரண ரயிலுக்குக் கெடா தோட்டங்களிலிருந்து ஆட்களை ஏற்றிப் போனார்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் சேர்ந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொன்றன. லயங்களில் ஆண் இல்லாத வீடுகள் மிஞ்சின.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் பார்வையில் கெடா தோட்ட வரலாற்றின் முக்கியமான அத்தியாயம். அது வரை நோயைப் பற்றிப் பேசியவர்கள் டாக்டர்கள், துரைமார்கள், அதிகாரிகள். 1946-47இல் தொழிலாளர்களே பேசினார்கள். ஏ. எம். சாமி தலைமையில் கெடாவில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை மூடச் சொன்னது. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை, கொடுத்த கூலி மாலைக்குள் திரும்பி வந்துவிடும். பெண்கள் முன்னால் வந்து நின்றார்கள். குடலும் ஈரலும் கெட்ட கணவனைப் பராமரிப்பவர்கள் அவர்கள்தானே. 1947 பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும் பீடோங்கிலும் ஹார்வர்ட் தோட்டத்திலும் போலீசாரோடு மோதல் வந்தது. தடியடியும் கைதுகளும் உயிரிழப்பும் நேர்ந்தன. இதைத் தொழிலாளர் கலவரம் என்று எழுதி வைத்தார்கள். சுகாதார இயக்கம் என்று எழுதினாலும் பிழையில்லை. அதே பீடோங் வட்டாரத்தில், செமெலிங்கில், இன்று எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் டாக்டர்களை உருவாக்குகிறது. அதன் வழியே போகும்போதெல்லாம் நமக்கு அந்த 1947 நினைவு வருவதுண்டு.

மெர்டேக்காவையொட்டி நாட்டுப்புறச் சுகாதாரத் திட்டம் வந்தது. அதற்கு ஊழியர்களைப் பயிற்றுவித்த நிலையங்களில் ஒன்று நம் கெடாவின் ஜித்ராவில் 1950களில் அமைந்தது. கம்பத்துக்கு ஒரு மருத்துவச்சி கிளினிக், அதற்கு மேலே துணை நிலையம், அதற்கு மேலே பெரிய சுகாதார நிலையம் என்று மூன்றடுக்கு. 1957இல் மலாயாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 75 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தன. பின்வந்த முப்பது ஆண்டுகளில் அது பல மடங்கு இறங்கியது. உலகமே மெச்சிய சாதனை அது.

ஆனால் தோட்டம் கம்பெனியின் சொந்த நிலம். அரசாங்கத்தின் சாலையும் குழாய்த் தண்ணீரும் கிளினிக்கும் தோட்ட வாசலோடு நின்றன. உள்ளே இருந்தவர்களின் சுகாதாரம் முதலாளியின் பொறுப்பு என்று சட்டம் சொன்னது. 1966ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டமும் அந்தப் பொறுப்பைத்தான் வரையறுத்தது. நல்ல கம்பெனி நல்ல ஆஸ்பத்திரி வைத்தது, ஆகாத கம்பெனி ஒரு டிரசரையும் ஒரு பாட்டில் மிக்ஸரையும் வைத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கம்பத்தில் பிறந்த பிள்ளையை மருத்துவச்சி வீட்டுக்கே வந்து பார்ப்பார், இந்தப் பக்கம் லயத்தில் பிறந்த பிள்ளைக்குச் சில சமயம் பிறப்புப் பத்திரமே இராது. நோய் வந்தால் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம். போனால் அன்றைய கூலி இல்லை, பஸ் காசு வேறு. நாட்கூலிக்காரர் நோயை எப்போது நோய் என்று ஒப்புக்கொள்வார்? விழுந்த பிறகுதான்.

நம் சங்கம் தோன்றியது எழுபதுகளில். 1974 நவம்பரில் ரப்பர் விலை வீழ்ந்து பாலிங்கில் மலாய்ச் சிறுதோட்டக்காரர்கள் பசி என்று தெருவுக்கு வந்தார்கள். காட்டுக் கிழங்கைத் தின்று குழந்தைகள் இறந்தார்கள் என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. அந்தக் காலத்து நினைவோடு தொடங்கிய சங்கம் என்றாலும், நம் முதல் வேலைகள் ஜனாஸா உதவி, பிள்ளைகள் கல்வி, நோன்புக் கஞ்சி ஆகியவைதான். மருத்துவ முகாம் என்பது ஓர் இளைய டாக்டர் உறுப்பினரின் யோசனை.

முதல் முகாமைப் பட்டணத்து மண்டபத்தில் காலை பத்து மணிக்கு வைத்தோம். பேனர் கட்டினோம், பிரமுகரை அழைத்தோம், பிரியாணி ஆக்கினோம். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பத்து மணிக்கு அவர்கள் மரத்தடியில் நிற்பார்கள், பால் எடுத்து ஸ்டோரில் ஊற்றி வீடு திரும்ப மதியம் தாண்டும். இருபது வருடம் அவர்களோடு வியாபாரம் செய்தவர்கள் நாம், இது நமக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். யோசிக்கவில்லை.

அடுத்த முறை சம்பள நாள் மாலையில் ஒரு தோட்டத்தின் கோயில் பந்தலிலேயே வைத்தோம். கோயில் தலைவர் பாய் விரித்து, மின்விளக்குப் போட்டுக் கொடுத்தார். கூட்டம் வந்தது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தோம், சீட்டு எழுதிக் கொடுத்தோம், படம் எடுத்துக்கொண்டோம். மறு வருடம் அதே தோட்டத்துக்குப் போனபோது, முன்வரிசையில் இருந்த ஒருவருக்கு ஒரு கால் இல்லை. சர்க்கரைப் புண். போன வருடம் நாம் எழுதிய சீட்டை அவர் மனைவி பத்திரமாக வைத்திருந்தார். “பாய், சீட்டு குடுத்தீங்க, போறதுக்கு வண்டி யாரு குடுத்தா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அது இன்னும் நினைவிருக்கிறது.

அன்றிரவு கூட்டத்தில் அந்த இளைய டாக்டர், இனி முகாம் வேண்டாம், வண்டி வேண்டும் என்றார். நீண்ட வாக்குவாதம் நடந்தது. முகாமில் சங்கத்தின் பெயர் தெரியும், வண்டியில் என்ன தெரியும் என்றார் ஒருவர். ஜகாத் பணத்தை யாருக்குச் செலவிடலாம், பொது நன்கொடையை யாருக்குச் செலவிடலாம் என்ற கேள்வியும் எழுந்தது. முடிவில் பொது நன்கொடைக்குத் தனிக் கணக்கு வைத்து, ஒரு பழைய வேன் வாங்கினோம். மாதம் ஒருமுறை தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து தோட்டத்துக்கு. கூடப் போகிறவர் ஒரு தன்னார்வலர்: மலாயில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல, அடுத்த தேதியைக் குறித்துக்கொள்ள. அந்தக் குறிப்புக்கு நாம் பயன்படுத்தியதும் 555 நோட்டுதான்.

இந்த இடத்தில் நமக்கு வெளியே நின்று வழிகாட்டிய இருவரைச் சொல்லாமல் இருப்பது முறையல்ல. ஒருவர் மர்ஹூம் எஸ். எம். முகமது இத்ரிஸ். 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் தலைவராக இருந்து 2019இல் காலமாகும்வரை ஓயாது உழைத்த தமிழ் முஸ்லிம் பெரியவர். தோட்டங்களைச் சூறையாடிய சம்சுவை எதிர்த்து அவர் சங்கம் நடத்திய பிரச்சாரம், கள் போன இடத்தில் அதைவிடக் கொடியது வந்து உட்கார்ந்திருந்ததை நாட்டுக்குக் காட்டியது. சீனியைப் பற்றியும் அவர் விடாமல் பேசினார். நம் உணவுக்கடை உறுப்பினர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம்.

மற்றவர் ஐரின் பெர்னாண்டஸ், 1946இல் சுங்கை பட்டாணியில் பிறந்தவர். அவர் 1991இல் நிறுவிய தெனாகானித்தா, தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களின் கதையை வெளியே கொண்டுவந்தது. முதுகில் தொட்டி, கையுறை இல்லை, முகமூடி இல்லை. நகம் கழன்று, கண் எரிந்து, மூக்கில் இரத்தம் வடிய வேலை செய்தார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு அரசாங்கம் 2002இல் தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 தொடக்கத்தில்தான் அது முழுத் தடையானது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் அந்தத் தொட்டியைச் சுமந்தவர்கள் பலர் நம் வேனில் ஏறியிருக்கிறார்கள்.

எண்பதுகளிலிருந்து ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தைக் காலி செய்தவர்கள் சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய், லூனாஸ் பக்கத்து மலிவு விலை வீடுகளுக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரி பக்கத்தில் வந்துவிட்டதால் வேலை முடிந்தது என்று நாமும் நினைத்தோம். முடியவில்லை. உடலுழைப்பு நின்றது, சாப்பாடு மாறவில்லை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. கார்டில் மலாய்க்காரர் என்று பதிந்திருக்கும் நம்மவர்கள் இந்தக் கணக்கில் இல்லை என்று யாரும் நிம்மதி கொள்ள வேண்டாம். நம் வீட்டுத் தேதாரேயும் நாசி கண்டாரும் அந்தக் கார்டைப் பார்ப்பதில்லை. தோட்டத்தில் பார்த்த காலில்லாத மனிதரை இப்போது நம் ஜும்ஆ சஃப்பில், நாற்காலியில் பார்க்கிறோம். ரமலானில் மாத்திரையை எப்போது போடுவது, யார் நோன்பு வைக்கக்கூடாது என்று டாக்டரும் இமாமும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டத்தை ஒவ்வொரு ஷஅபானிலும் நடத்துகிறோம். அதற்குத்தான் கூட்டம் அதிகம்.

பெக்கா பி40 திட்டத்தில் நாற்பது வயது தாண்டிய குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவச உடற்பரிசோதனை உண்டு. தனியார் கிளினிக்கிலும் செய்துகொள்ளலாம். இருப்பது தெரியாமலே பலர் இருக்கிறார்கள். 2021இல் கோவிட் தடுப்பூசிக்குக் கைப்பேசியில் பதியச் சொன்னபோதும் இதே நிலைதான்; நம் இளைஞர் பிரிவினர் வீடு வீடாகப் போய்ப் பதிந்து கொடுத்தார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், அடையாளக் கார்டு கிடைக்காதவர்கள் நிலை இன்னும் கடினம். இங்கேயே பிறந்தும், ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவர் கட்டணம். ஒரு தாத்தாவின் விண்ணப்பத்தோடு பதிவு அலுவலகத்துக்கு ஏழு முறை போனோம். எட்டாவது முறைக்கு அவர் இல்லை.

பழைய லயங்கள் சிலவற்றில் மீண்டும் ஆள் இருக்கிறார்கள். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த செம்பனைத் தொழிலாளர்கள். அதே ஓடைக்கரை, அதே நாட்கணக்கு, ஆஸ்பத்திரியில் நம்மைவிடப் பல மடங்கு கட்டணம். பெருநாளன்று நம் பள்ளிவாசலின் பின்வரிசைகளை நிறைப்பவர்கள் அவர்கள்தான். சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவர்களையும் வண்டியில் ஏற்றலாமா என்று வாக்கெடுத்தோம். சில வாக்குகளில்தான் நிறைவேறியது. எதிர்த்தவர்களின் கவலை பணத்தைப் பற்றியது, அதுவும் நியாயமானதுதான். வேனுக்கு டயர் மாற்ற வேண்டியிருக்கிறது.

கெடாவில் ஞாயிறு அரசாங்க வேலை நாள். ஆகவே மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழரை மணிக்குப் பள்ளிவாசல் முன்னிருந்து வண்டி கிளம்புகிறது. மலாயும் வங்காளமும் தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும் என்று ஓட்டுநர் கேட்டிருக்கிறார்.